சூடு செய்வதும் எண்ணெய் செய்யாததும்

உத்திரமேரூர் பக்கம் நிலக்கடலை போடுகிறவர்கள் கொல்லையின் ஓரத்தில் சில ஆமணக்குச் செடிகளையும் வளரவிடுவதுண்டு. கடலையைத் தின்ன வரும் புழு அகன்ற ஆமணக்கு இலையை முதலில் தேடிப்போகும் என்பதால் வேளாண் துறையும் அதை வரப்புப் பயிராகப் பரிந்துரைக்கிறது. அந்தச் செடிக்கு வீட்டுக்குள்ளும் ஒரு வேலை இருந்தது. தூரமான நாளில் அடிவயிறு இழுத்துப் பிடிக்கிற பெண்ணுக்கு இலையைப் பறித்து, விளக்கெண்ணெய் தடவி, தணலிலோ தோசைக்கல்லிலோ வாட்டி, பொறுக்கிற சூட்டில் தொப்புளுக்குக் கீழே போடுவார்கள். மேலே பழைய பருத்திச் சேலைத் துணியை மடித்து வைப்பார்கள். பிள்ளை பெற்றவளுக்குப் பால் கட்டிக்கொண்டால் மார்பிலும் இதே இலைதான்.

அந்த வைத்தியம் இப்போது வேறு உடையில் கைப்பேசி வழியாகத் திரும்பி வந்திருக்கிறது. ‘காஸ்டர் ஆயில் பேக்’ என்று பெயர். இடுப்பில் கட்டும் துணிப்பட்டையையும் எண்ணெய்ப் புட்டியையும் ஒரே பொட்டலமாக விற்கிறார்கள். மானாம்பதி, சாலவாக்கம், பெருநகர் ஊர்களில் விடியலில் கம்பெனி பஸ் ஏறி, ஒரகடத்திலும் திருப்பெரும்புதூரிலும் நின்றபடியே வேலை பார்க்கும் இளம்பெண்களின் கைப்பேசிக்கும் அந்தக் காணொளிகள் வருகின்றன. கருப்பைக் கட்டி கரையும், நீர்க்கட்டி மறையும், நாள் சரியாக வரும், உடம்பின் நச்சு இறங்கும் என்கிறார்கள். எந்த நாளில் போடலாம், எந்த நாளில் கூடாது என்பதற்கு ஆளுக்கொரு அட்டவணை. வலிக்கிற நாளில்தான் ஆயா இலை போட்டாள். உதிரப்போக்கு நாளில் தொடவே கூடாது என்கிறது காணொளி. இரண்டில் எதைக் கேட்பது என்று ஒரு பெண் குழம்பினால் அது நியாயமான குழப்பம். அதைத் தீர்க்க இலை, எண்ணெய், சூடு மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

காணொளி சொல்லும் முறை நம் பக்கத்திலிருந்து போனதல்ல. அமெரிக்காவின் கென்டக்கியில் பிறந்த எட்கர் கேசி (1877–1945) அரைத்தூக்க நிலையில் நோய்களுக்கு வழி சொல்கிறவராகப் பேர்பெற்றவர். கம்பளித் துணியை மடித்து ஆமணக்கெண்ணெயில் நனைத்து, வயிற்றின் வலப்பக்கம் வைத்து, மேலே சூடு கொடுக்கும் முறையை அவர் பலருக்குச் சொன்னார். அவருக்குப் பின் வில்லியம் மெக்கேரி என்ற மருத்துவர் அதைத் தம் நோயாளிகளிடம் பயன்படுத்தி, நூலாகவும் எழுதினார். கல்லீரலுக்கு நேரே வைப்பது, மூன்று நாள் தொடர்ந்து போட்டு இடைவெளி விடுவது, மாதவிடாயில் நிறுத்துவது போன்ற விதிகள் இந்த வழியில் வளர்ந்தவை. மருத்துவச் சோதனையில் கண்டறிந்தவை அல்ல.

இனி வலியின் கதை. கருத்தரிக்காத மாதத்தில் புரொஜெஸ்டிரான் இறங்குகிறது. உடனே கருப்பையின் உட்சவ்வில் புரோஸ்டாகிளாண்டின் என்னும் வேதிப்பொருள்கள் பெருகுகின்றன. அவை கருப்பைத் தசையை இறுக்கிப் பிழிகின்றன. அந்த இறுக்கத்தில் இரத்தக் குழாய்களும் நசுங்குவதால் தசைக்குப் பிராணவாயு குறைகிறது. அதுதான் வலி. குடலும் அருகிலேயே இருப்பதால் அந்த நாளில் வயிறு இளகிப் போவதும் இதே பொருளால்தான். இரத்தத்தில் இருக்கும் சக்தியெல்லாம் போவதால் வலிக்கிறது என்பதும், உடம்பின் அழுக்கு வெளியேறுவதால் வலிக்கிறது என்பதும் பொய். புரோஸ்டாகிளாண்டின் உருவாவதைத் தடுக்கும் ஐபுபுரூஃபன், மெஃபெனமிக் அமிலம் போன்ற மாத்திரைகள் இந்த வலிக்குக் கேட்பதற்குக் காரணம் இதுவே.

ஆமணக்கெண்ணெயின் கொழுப்பில் பத்தில் எட்டு, ஒன்பது பங்கு ரிசினோலிக் அமிலம். எந்தச் சமையல் எண்ணெயிலும் இது இந்த அளவில் கிடையாது. எண்ணெயைக் குடித்தால் குடலில் உள்ள நொதிகள் கொழுப்பை உடைத்து அந்த அமிலத்தை விடுவிக்கின்றன. அதன் பிறகு என்ன நடக்கிறது என்பது நெடுங்காலம் தெளிவாகாமலே இருந்தது. 2012இல் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்டெஃபான் ஓஃபர்மன்ஸ் குழு அதைக் காட்டியது. ரிசினோலிக் அமிலம் ஈபி3 என்ற ஏற்பியைத் தூண்டுகிறது. புரோஸ்டாகிளாண்டின் வந்து அமரும் ஏற்பிகளில் ஒன்று அது. குடல் தசையிலும் கருப்பைத் தசையிலும் இருக்கிறது. அந்த ஏற்பி இல்லாதபடி வளர்த்த எலிகளுக்கு ஆமணக்கெண்ணெய் கொடுத்தபோது பேதியும் ஆகவில்லை, கருப்பையும் சுருங்கவில்லை.

இந்தக் கண்டுபிடிப்பை எண்ணெய் விற்பவர்கள் தங்களுக்குச் சான்றாகக் காட்டுவதைப் பார்க்கிறேன். நிதானமாக யோசித்தால் அது அவர்களுக்கு எதிராகவே நிற்கிறது. மாதவிடாய் வலி கருப்பை சுருங்குவதால் வருவது. ரிசினோலிக் அமிலம் செய்வதும் கருப்பையைச் சுருக்குவதுதான். வயிற்றில் தடவிய எண்ணெய் தோல், கொழுப்பு, தசை எல்லாவற்றையும் தாண்டிக் கருப்பைக்குள் இறங்குவது உண்மையானால், வலி கூடவேண்டும். ஆயிரக்கணக்கான பெண்களுக்கு வலி குறைகிறது என்றால், அது எண்ணெய் உள்ளே இறங்கியதால் அல்ல என்றுதான் பொருள். தோலின் மேல் எண்ணெயை உடைக்கும் குடல் நொதிகளும் இல்லை. ஆகவே பேக்கில் இருக்கும் எண்ணெய் பெரும்பாலும் எண்ணெயாகவே மேலே தங்கிவிடுகிறது.

தோல் மேல் தடவுவதற்கு ஆய்வே இல்லை என்று சொல்லமுடியாது. 2000இல் இத்தாலிய ஆய்வாளர்கள் ரிசினோலிக் அமிலத்தை விலங்குகளின் தோலில் தடவிப் பார்த்தார்கள். தொடர்ந்து தடவியபோது வீக்கம் தணிந்தது. அது பிரித்தெடுத்த அமிலம், அதுவும் விலங்குகளில், தோலை ஒட்டிய வீக்கத்துக்கு. 2011இல் துருக்கியில் முதியோர் இல்லவாசிகள் 35 பேருக்கு மலச்சிக்கலுக்காக இந்தப் பேக் போட்டுப் பார்த்தார்கள். மலம் கழிக்கும் தடவைகள் கூடவில்லை. முக்கி வருந்துவது குறைந்தது. இந்த இரண்டிலிருந்தும் கருப்பைக் கட்டி கரையும் என்ற வாக்குறுதிக்கு ஒரு பாலமும் இல்லை. கட்டி கரையும் என்று நம்பி வைத்தியத்தைத் தள்ளிப்போடுகிற ஒரு பெண்ணுக்கு, உதிரம் போய்க்கொண்டே இருக்கிறது. இதைச் சொல்லாமல் விடுவது எனக்கு இயலாது.

சூட்டின் கதை வேறு. 2001இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 80 பெண்களிடம் ஒரு சோதனை நடந்தது. 38.9 டிகிரி செல்சியஸ் சூட்டை ஒரே சீராகத் தரும் ஒட்டுத்துணியைச் சிலருக்கு அடிவயிற்றில் ஒட்டினார்கள், சிலருக்குச் சூடில்லாத ஒட்டுத்துணியோடு 400 மில்லிகிராம் ஐபுபுரூஃபனை நாளுக்கு மூன்று வேளை கொடுத்தார்கள், சிலருக்கு இரண்டும், சிலருக்கு இரண்டும் இல்லை. நாளுக்கு 12 மணி நேரம், இரண்டு நாள். சூடு மட்டும் பெற்றவர்களுக்கும் மாத்திரை மட்டும் பெற்றவர்களுக்கும் கிடைத்த நிம்மதி ஏறக்குறைய சமமாக இருந்தது. இரண்டும் பெற்றவர்களுக்கு நிம்மதி சீக்கிரம் வந்தது: சராசரியாக ஒன்றரை மணி நேரத்தில். மாத்திரை மட்டும் உண்டவர்களுக்கு இரண்டே முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. 2018இல் கொரிய ஆய்வாளர்கள் இத்தகைய சோதனைகளைத் தொகுத்துப் பார்த்து, சோதனைகள் சிறியவைதான் என்றாலும் சூட்டால் வலி குறைகிறது என்றே முடிவு சொன்னார்கள். இவற்றில் எதிலும் ஆமணக்கெண்ணெய் கிடையாது. சோதனை நடந்ததும் உதிரப்போக்கு நாள்களில்தான். ஆக, தூரமான நாளில் சூடு வைக்கவே கூடாது என்ற காணொளி விதிக்கு ஆதாரம் இல்லை. அந்த நாளில்தான் போட வேண்டும் என்று இருந்த ஆயாவின் பக்கம் நியாயம் இருக்கிறது.

நம் மருத்துவம் சூட்டை எப்போதும் தனிச் சிகிச்சையாகவே மதித்தது. சித்த மருத்துவத்தின் 32 புற மருந்துகளில் ஒற்றடம் ஒன்று. பற்றும் கட்டும் வேதும் அதோடு உண்டு. உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்துவதும், தவிட்டு ஒற்றடமும், நொச்சி இலை ஒற்றடமும் நம் வீடுகளில் இருந்தவை. ஆமணக்கு இலை அந்த வரிசையில் வருவது. இலையில் எண்ணெய் தடவுவது வாட்டும்போது கருகாமல் இருக்கவும், தோலில் ஒட்டாமல் இருக்கவும், வைத்தவள் கை வழுக்கி அடிவயிற்றை இதமாக நீவிவிடவும் உதவியது. அந்த நீவுதலுக்கும் ஒரு பலன் உண்டு. வலியில் சுருண்டு கிடக்கும் பெண்ணருகே ஒருத்தி வந்து உட்காருகிறாள் என்பதே கொஞ்சம் ஆறுதல்.

எண்ணெய்க்கும் இந்த மண்ணுக்கும் உள்ள உறவு பழையது. குடவோலைக் கல்வெட்டுகளால் பேர்பெற்ற உத்திரமேரூருக்கு வடகிழக்கே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தில் திருமுக்கூடல் இருக்கிறது. அங்குள்ள பெருமாள் கோயிலில், 1060களின் இறுதியில் வீரராசேந்திர சோழன் காலத்தில் வெட்டிய நீண்ட கல்வெட்டு ஒன்று, கோயிலோடு சேர்ந்த கல்விச்சாலையையும் ‘வீரசோழன்’ என்ற பெயர்கொண்ட ஆதுலர்சாலையையும், அதாவது மருத்துவமனையையும், பற்றிச் சொல்கிறது. 15 படுக்கை; மருத்துவர் ஒருவர்; அறுவை செய்பவர் ஒருவர்; மூலிகை கொண்டுவர ஆட்கள்; நோயாளிகளைப் பேணி மருந்து கொடுக்க இரண்டு பெண்கள். ஓராண்டுக்கு இருப்பு வைக்கவேண்டிய மருந்துகளின் பட்டியலும் உண்டு. அதில் வரும் தைலங்களில் இரண்டின் பெயரில் ஏரண்டம், அதாவது ஆமணக்கு, இருக்கிறது. அங்கே படுத்தவர்கள் மாணாக்கரும் கோயில் பணியாளரும்; மாதவிடாய் வலிக்கான மருந்தாக இதைக் காட்ட நான் முயலவில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: தைலத்தைப் புட்டியாக மட்டும் வைத்துவிட்டுப் போகவில்லை அந்தக் காலம். மருத்துவரும் பேணும் கையும் படுக்கையும் சேர்ந்தே அங்கு மருந்தாக இருந்தன.

பேக் போட விரும்பும் பெண் முதலில் எண்ணெயைப் பார்த்து வாங்க வேண்டும். பூசைக் கடையில் கிடைக்கும் ‘தீப எண்ணெய்’ பல எண்ணெய்களின் கலவை; விளக்குக்கு மட்டுமே ஆனது. மருந்துக்கடையிலோ நம்பகமான செக்கிலோ கிடைக்கும் கலப்படமற்ற விளக்கெண்ணெய் வேண்டும். வீட்டில் கொட்டையை வறுத்து, இடித்து, தண்ணீரில் கொதிக்கவைத்து, மேலே மிதக்கும் எண்ணெயை வழித்து எடுப்பது பழைய முறை. ஆமணக்குக் கொட்டையில் உள்ள ரிசின் கொடிய நஞ்சு; ஆனால் அது புரதம், எண்ணெயில் கரையாது, கொதியில் செயலிழந்துவிடும். அதனால்தான் எண்ணெய் மருந்தாகவும், எண்ணெய் எடுத்த புண்ணாக்கு மாட்டுக்கு ஆகாததாகவும் இருக்கிறது. இடித்த கொட்டை விழுதை வயிற்றில் பற்றுப் போடுவதும், கொட்டைகளைக் குழந்தைகள் கைக்கெட்டும்படி முறத்தில் காயவைப்பதும் கூடாது. வேலியோரம் வளரும் காட்டாமணக்கு முற்றிலும் வேறு செடி. அதன் இலையையும் எண்ணெயையும் இதற்கு மாற்றாகக் கொள்ள வேண்டாம்.

முதல் தடவை என்றால் முழங்கையின் உட்பக்கம் ஒரு சொட்டுத் தடவி ஒரு நாள் பார்க்க வேண்டும். ரிசினோலிக் அமிலத்தால் உதட்டுச்சாயம் போட்டவர்களுக்கே ஒவ்வாமை வந்ததுண்டு. அரிப்போ சிவப்போ இல்லையென்றால் பருத்தித் துணியை எண்ணெயில் நனைத்து, சொட்டாமல் பிழிந்து, அடிவயிற்றில் வைத்து, அதன் மேல் காய்ந்த துணி, அதற்கும் மேல் வெந்நீர்ப் பை. எண்ணெயையோ நனைத்த துணியையோ அடுப்பில் நேராகச் சூடாக்கக் கூடாது. எண்ணெய் தண்ணீரைப்போல ஆவி காட்டி எச்சரிக்காது. தொடும்போதுதான் தெரியும், தோலோடு ஒட்டிக்கொண்டு ஆழமாகச் சுடும். மின்சாரச் சூட்டுப் பட்டையின் கீழ் எண்ணெய்த் துணி வைப்பது தீப்பிடிக்கவும் காரணமாகலாம். மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பார்த்து இதமாக இருக்கும் சூடே போதும். ஆய்வில் பயன்பட்ட சூடும் உடம்புச் சூட்டைவிட இரண்டு டிகிரி போலத்தான் கூடுதல். இருபது நிமிடம் வைத்து எடுத்து, தோலைப் பார்த்து, வேண்டுமானால் மறுபடி வைக்கலாம். அதோடு தூங்கிப் போகக் கூடாது. மாதாமாதம் ஒரே இடத்தில் அதிகச் சூடு பட்டால் தோலில் வலைபோலக் கருமை படியும். படிந்தால் சூடு அளவுக்கு மிஞ்சியது என்று அர்த்தம். எண்ணெய் கிடைக்காவிட்டாலும் பிடிக்காவிட்டாலும் நட்டமில்லை. வெந்நீர்ப் பை மட்டுமே அதே வேலையைச் செய்யும்.

தமிழ்நாட்டுப் பெண்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஐந்தாம் தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இங்கே 100 பிரசவத்தில் ஏறக்குறைய 45 சிசேரியன். அந்தத் தழும்பைச் சுற்றி மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில், உணர்ச்சி மங்கியிருக்கும். சரியாகப் பேக் வைக்கும் இடமும் அதுதான். சுடுவது தெரியாமலே தோல் வெந்துபோகும். தையல் ஆறும்வரை அந்தப் பக்கமே போகக் கூடாது; ஆறிய பின்னும் சூட்டைக் கையால் சோதித்துத்தான் வைக்க வேண்டும். சர்க்கரை நோயால் உணர்ச்சி குறைந்தவர்களுக்கும் இதே எச்சரிக்கை. புண், சொறி உள்ள தோலிலும் பிறப்புறுப்பின் உள்ளேயும் எண்ணெய் வைக்க வேண்டாம்.

சுழற்சியின் எந்த நாள் என்ற கேள்விக்கு அட்டவணை தேவையில்லை. வலி தொடங்கும் நாளும் அடுத்த இரண்டொரு நாளும்தான் சூட்டுக்கு உரியவை. மற்ற நாள்களில் போட்டால் நாள் சீராகும் என்பதற்குச் சான்று கிடையாது. குழந்தையை எதிர்பார்ப்பவர்கள் சுழற்சியின் பின்பாதியில் ஆமணக்கெண்ணெயை விட்டுவிடுவது நல்லது. தோல்வழி கருவுக்குக் கேடு வந்ததாகச் சான்றில்லை. ஆனால் கருப்பையைச் சுருக்கும் அமிலம் கொண்ட பொருள் என்று தெரிந்த பின், தேவையில்லாத இடத்தில் அதை ஏன் வைக்க வேண்டும்? நாள் தள்ளிப்போயிருந்தால் முதலில் கருப் பரிசோதனை.

பேக்கைவிட என்னை அதிகம் கவலைப்படுத்துவது குடிப்பது. பள்ளி விடுமுறையில் பிள்ளைகளுக்குப் பேதிக்குக் கொடுத்த காலத்திலிருந்து விளக்கெண்ணெய் தீங்கற்றது என்ற எண்ணம் வீடுகளில் ஊறியிருக்கிறது. நாள் தள்ளிப்போனால் எள்ளும் வெல்லமும் பப்பாளியும் கொடுத்துப் பார்க்கிற வீட்டில், அடுத்த படியாக ஒரு கரண்டி விளக்கெண்ணெயும் வரும். இங்கேதான் அந்த அமிலம் முழு வலிமையோடு இறங்குகிறது. மலமிளக்கியாக அது இரண்டு முதல் ஆறு மணி நேரத்தில் வேலை செய்யும், வயிற்றைப் பிசையும், நீரும் உப்பும் போகும். பேறுகாலத்தில் வலி எடுக்க இதைக் குடிக்கக் கொடுத்த சோதனைகளைத் தொகுத்த 2013ஆம் ஆண்டுக் காக்ரேன் ஆய்வில், குடித்த எல்லாப் பெண்களுக்கும் குமட்டல் வந்திருந்தது. மாதவிடாய் வலியில் ஏற்கெனவே பிசைந்துகொண்டிருக்கும் குடலுக்கும் கருப்பைக்கும் இன்னொரு தூண்டுதலைத் தருவது மருத்துவமாகாது. வயிற்றுவலிக்குக் காரணம் குடல்வால் அழற்சி என்றால் இன்னும் மோசம். பேதி மருந்து குடல்வாலை வெடிக்கவைக்கலாம். வயதுக்கு வந்த பெண்ணின் வயிற்றுவலியை எல்லாம் ‘அந்த வலி’ என்று எடுத்துக்கொள்ளும் வீடுகளில் இது நடக்கக்கூடியது.

மாத்திரைக்குப் பயந்து எண்ணெய்க்குத் திரும்பும் பெண்களின் பயத்தையும் புரிந்துகொள்ள வேண்டும். 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை தமிழ்நாட்டு ஆடைத் தொழிற்சாலைப் பெண்கள் ஏறத்தாழ 100 பேரிடம் பேசி வெளியிட்ட செய்தி, மாதவிடாய் வலி என்றதும் பெயர் அச்சிடாத மாத்திரைகளை மேற்பார்வையாளர்கள் கையில் கொடுத்து வேலைக்குத் திருப்பி அனுப்பியதைச் சொன்னது. 2023இன் இறுதியில் மெஃபெனமிக் அமிலத்தால் அரிதாகக் கடும் ஒவ்வாமை வரலாம் என்று இந்திய மருந்தியல் ஆணையம் எச்சரித்தபோது, அந்தச் செய்தி வாட்ஸ்அப்பில் ‘வலி மாத்திரை விஷம்’ என்று உருமாறிப் பரவியது. பெயர் தெரிந்த மாத்திரையை, மருத்துவர் சொன்ன அளவில், சோற்றுக்குப் பின், இரண்டு மூன்று நாள் மட்டும் எடுப்பது பெரும்பாலான பெண்களுக்குப் பாதுகாப்பானது. குடற்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். வலி முற்றுவதற்கு முன்பே எடுத்து, கூடவே சூடும் வைத்தால் பலன் கூடும். 2001ஆம் ஆண்டுச் சோதனை காட்டியதும் அதுதான்.

சூட்டுக்கும் மாத்திரைக்கும் அடங்காத வலி வேறு இனத்தைச் சேர்ந்தது. உட்சவ்வுத் திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ், உலகில் குழந்தை பெறும் வயதுப் பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதைக் கண்டுபிடிக்க ஆண்டுகள் பல கழிந்துவிடுகின்றன, ‘எல்லாருக்கும் வருகிற வலிதானே’ என்று வீடும் வெளியும் சொல்வதால். ஆண்டுக்கு ஆண்டு கூடிவரும் வலி, நாள் முடிந்த பின்னும் நீடிக்கும் வலி, தாம்பத்தியத்திலும் மலம் கழிக்கும்போதும் வரும் வலி, மணிக்கொரு தடவை நாப்கின் மாற்றும்படி போகும் உதிரம் ஆகியவற்றுக்குப் பேக் பதிலல்ல. தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் இரத்தச்சோகை உள்ளவர்கள். பெரும்பாட்டை வீட்டு வைத்தியத்தில் இழுத்துக்கொண்டே போக அந்த உடம்பில் இருப்பு இல்லை. நாள் தள்ளிப்போய் ஒரு பக்கம் மட்டும் குத்தி மயக்கம் வருவது, திடீரென்று வெட்டியிழுக்கும் வலியோடு வாந்தி, வலியோடு காய்ச்சல் என்றால், அன்றே, அந்த நேரமே மருத்துவமனை.

போக வழி இருக்கிறது. கிராம சுகாதாரச் செவிலியர், ஆரம்ப சுகாதார நிலையம், உத்திரமேரூர் அரசு மருத்துவமனை. சந்தேகம் கேட்க 104 என்ற தொலைபேசி எண். சித்த வைத்தியமே வேண்டும் என்பவர்களுக்கு மாவட்டத் தலைமை மருத்துவமனையில் சித்தப் பிரிவும், தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் உண்டு. போகும்போது கையில் மாதக் காலண்டர் இருந்தால் நல்லது: நாள் தொடங்கிய தேதி, வலி எந்த நாளில் எவ்வளவு நேரம், நாளுக்கு எத்தனை நாப்கின், என்ன மாத்திரை, என்ன எண்ணெய் என்று மூன்று மாதக் குறிப்பு. பேக் போட்டதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கேட்டுவிட்டு யாராவது முகம் சுளித்தால், அடுத்த மருத்துவரிடம் அதே காலண்டரை நீட்டலாம்.